மிஸ் சொன்னா சரி

மேஜையின் மேல் ஒரு கூழாங்கல், ஒரு தேக்கரண்டி, பிளாஸ்டிக் டப்பாவில் முளைவிட்ட பயறுச் செடி, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலுக்குள் ஒரு நத்தை. ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஞாயிற்றுக்கிழமையை இவற்றைத் தேடியே கழித்திருந்தாள். நத்தைக்குத்தான் படாத பாடு பட்டாள். குளியலறைக்குப் பின்னால் சுவரோரம் குனிந்து குனிந்து தேடியவளைப் பார்த்து, "நத்தை பிடிக்கிறதுக்குத் தனியா சம்பளம் உண்டா?" என்று கணவர் கேட்டார். வகுப்புக்கு வந்ததும் அந்த நத்தை ஓட்டுக்குள் போனதுதான், தலையை வெளியே நீட்டுவேனா என்றிருந்தது.

கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் உயிருள்ளவை, மறு பக்கம் உயிரற்றவை. வாரம் முழுக்க இதுதான் பாடம். உயிருள்ளவை சாப்பிடும், மூச்சு விடும், வளரும், நகரும் என்று டீச்சர் சொல்ல, பிள்ளைகள் இழுத்து இழுத்துப் பாட்டாகவே பாடினார்கள். அப்புறம் சண்டை தொடங்கியது. ஃபேன் சுற்றுகிறதே, அதற்கு உயிர் இருக்கிறதா என்றான் ஒருவன். கரண்டு போனால் செத்துவிடுகிறது, அப்படியென்றால் இருக்கத்தான் செய்கிறது என்றாள் இன்னொருத்தி. நத்தை நகரவே இல்லை, அதைக் கல் பக்கத்தில் எழுதுங்கள் என்று பின்வரிசை ஒரே கூச்சல். டீச்சர் சிரித்துக்கொண்டே அதட்டினாள். இந்த வேலையில் அவளுக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். ஆறு வயதில் எல்லாவற்றுக்கும் நியாயம் கேட்கிறார்கள். ஆனால் கடைசியில் டீச்சர் எந்தப் பக்கம் எழுதுகிறாளோ அதுவே தீர்ப்பு. மிஸ் சொன்னா சரி.

அப்போது பொக்கை கையைத் தூக்கினாள். முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்த நாளிலிருந்து வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. அவளும் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டு, யாராவது கேட்டால் ஈ என்று காட்டுவாள்.

"மிஸ், எங்க அம்மாவை அந்தப் பக்கம் எழுதுங்க." அவள் விரல் கூழாங்கல்லின் பக்கம் நீண்டிருந்தது.

"அம்மால்லாம் உயிருள்ளவங்கம்மா."

"இல்ல மிஸ். எங்க அம்மா செத்துட்டாங்க. நேத்து அப்பா சொன்னாங்க."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் பலகையிலேயே நின்றது. வகுப்பு அழவில்லை, பயப்படவும் இல்லை. இப்போதுதான் கற்றுக்கொண்ட பாடம் சூடாகக் கையில் இருந்தது அவர்களுக்கு.

"சாப்பிட மாட்டாங்களா?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"மாட்டாங்க."

"மூச்சு?"

பொக்கை கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் விட மாட்டாங்கன்னு நெனைக்கிறேன். ஆமாதானே மிஸ்?"

டீச்சர் பலகையை முழுக்க அழித்தாள். எல்லோரும் கலர் பென்சில் எடுங்கள், நத்தை வரையலாம் என்றாள். குரல் தன்னுடையது மாதிரி இல்லை என்பது அவளுக்கே கேட்டது.

சாயங்காலம் பொக்கையின் அப்பா வந்தார். ஏசி மெக்கானிக். சட்டைப்பையில் டெஸ்டர் நீட்டிக்கொண்டிருக்கும், எப்போது வந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வகுப்பு வாசலில் நிற்பார். பள்ளி திறந்ததிலிருந்து அவர்தான் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப்போவதும். அம்மா எங்கே என்று ஒருமுறை கேட்டபோது ஊருக்குப் போயிருக்கிறாள் என்றிருந்தார். டீச்சர் அவரைத் தனியே அழைத்து, குழந்தை ஒன்று சொன்னாளே என்று இழுத்தாள்.

"ஆமா மிஸ்." அவர் தரையைப் பார்த்தார். "போயிட்டா."

"எப்போங்க? எப்படி..."

"அது ஆச்சு மிஸ். இவகிட்ட இப்பதான் சொன்னேன். எப்ப வருவாங்க, எப்ப வருவாங்கன்னு தெனமும் உயிர எடுத்துட்டு இருந்தா. வேற எதுவும் கேக்காதீங்க. பேசினா எனக்குத் தாங்காது."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு பெரிய ஆள், ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிள்ளை மாதிரி நின்றார். மறுநாள் காலை பொக்கை வந்தபோது டீச்சர் அவள் தலையைப் பார்த்தாள். ஒயர்க் கட்டுக்குப் போடும் தடித்த ரப்பர் பேண்டு இரண்டு, முடியை முறுக்கிக் கோணலாகப் போட்டிருந்தது. டீச்சர் தன் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தாள். முடியோடு ஒட்டிக்கொண்டிருந்த ரப்பரை வலிக்காமல் எடுப்பதற்கே நேரமாயிற்று. பொக்கை டீச்சரின் முழங்காலில் சாய்ந்து நின்றபடி வாய்ப்பாடு மாதிரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்குப் பிள்ளை இல்லை. அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் பேசியதில்லை, வருடத்துக்கு ஒரு வகுப்பே வந்து போகிறதே என்பாள். ஆனால் அந்தச் சின்னத் தலையின் சூடு உள்ளங்கையில் படும்போது அவளுக்குள் என்னவோ அசைந்தது. துக்கம்தான். துக்கத்தோடு சேர்ந்து வேறொன்றும் இருந்தது, அதற்குப் பெயர் வைக்க அவள் விரும்பவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நீல ரிப்பன் வாங்கினாள்.

இடைவேளையில் பிள்ளைகள் புதிதாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். எல்லோரும் மண்ணில் செத்துக் கிடப்பார்கள், பொக்கை ஒவ்வொருவராகத் தொடுவாள், தொட்டால் எழுந்துகொள்ள வேண்டும். ஆயாம்மா ஓடிவந்து, "நல்ல வெளையாட்டு கண்டாங்க! எந்திரிங்கடா" என்று விரட்டினாள். டீச்சர் தலைமை ஆசிரியையிடம் போய் என்ன செய்வது என்று கேட்டாள். அந்த அம்மாள் இருபது வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர், எதற்கும் கலங்காதவர்.

"சாமிகிட்ட போயிட்டாங்க, நட்சத்திரமா ஆயிட்டாங்கன்னு கதை விடாதீங்க. அது பாட்டுக்கு ராத்திரியெல்லாம் வானத்தப் பாத்துட்டு ஒக்காந்திருக்கும். வர மாட்டாங்கன்னா வர மாட்டாங்க. தெளிவா சொல்லிடுங்க. அதுதான் பிள்ளைக்கு நல்லது."

சரியாகத்தான் பட்டது. புதன்கிழமை செடி பாடம். பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு மூடி தண்ணீர் ஊற்றினார்கள், பாவம், பயறு மிதக்காத குறை. பொக்கை கடைசியாக வந்தாள். ஊற்றிவிட்டும் போகவில்லை.

"மிஸ், வாடிப்போன செடிக்கு ஊத்துனா திரும்ப வருமா?"

"சில நேரம் வரும்மா."

"செத்துப்போனவங்க?"

டீச்சர் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்தாள். நீல ரிப்பன் கட்டிய இரண்டு பின்னலும் தோளில் ஒழுங்காக விழுந்திருந்தன. "செத்துப்போனவங்க திரும்ப வர மாட்டாங்கம்மா. யாரும் வர மாட்டாங்க. அம்மா மேல நமக்கு ஆசை இருக்கும், அது எப்பவும் இருக்கும். ஆனா அவங்க வர மாட்டாங்க."

"அப்பா சில நேரம் பொய் சொல்லுவாங்க மிஸ். ஊசி வலிக்காதுன்னு சொன்னாங்க, வலிச்சுது. அதான் உங்ககிட்ட கேட்டேன்."

"இது பொய் இல்ல கண்ணு."

பொக்கை அவள் கண்ணையே பார்த்தாள். கூட்டல் கணக்கு விடை சரியா தப்பா என்று பார்க்கும் அதே பார்வை. பிறகு தலையாட்டினாள். அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள், சத்தமே இல்லாமல், டீச்சரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. டீச்சர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கஷ்டமான வேலையை நன்றாகச் செய்துவிட்டோம் என்ற எண்ணம், அந்த அழுகைக்கு நடுவிலும், அவளுக்கு வரத்தான் செய்தது.

வியாழக்கிழமை சாப்பாடு முடிந்து பிள்ளைகள் மேஜையில் தலை வைத்துப் படுத்திருந்த நேரம். ஆயாம்மா கதவோரம் வந்து கையாட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"டீச்சர், கேட்டுல ஒரு பொண்ணு நிக்குது. பொக்கையோட அம்மாங்குது."

"யாராவது சித்தி, அத்தையா இருக்கும்."

"பெத்தவன்னு சொல்லுது டீச்சர். மூஞ்சி அப்படியே அச்சு."

கேட்டுக்கு வெளியே நின்றவள், ஏதோ கடையின் யூனிபார்மை மறைக்க மேலே வேறொரு முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். கையில் ஒரு காகிதப் பை. டீச்சரைக் கண்டதும் கும்பிட்டாள். கும்பிட்ட கையில் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் கோணிக்கொண்டு நின்றது. ஆயாம்மா சொன்னது உண்மைதான். அதே நெற்றி, பேசுவதற்கு முன் கீழுதட்டைக் கடிக்கும் அதே பழக்கம்.

"சாப்பாட்டு நேரத்துல ஓடியாந்தேன் மிஸ். அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போயிடுறேன்."

"நீங்க..." என்றாள் டீச்சர். "நீங்க இறந்துட்டதா..."

அந்தப் பெண் முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் ஒரு மாதிரி சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போயிற்று. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவகிட்ட சொல்லிட்டாரா? வாசப்படி தாண்டினா நீ செத்ததுக்குச் சமம்னாரு. கோவத்துல சொல்றாருன்னுதான் நெனச்சேன்." பிறகு, "அவ நம்பிட்டாளா?" என்றாள்.

நேற்று தன் தோளில் பட்ட கண்ணீரின் ஈரம் டீச்சருக்கு நினைவு வந்தது. பொக்கையின் அப்பா தன்னிடம் ஒருபோதும் இறந்துவிட்டாள் என்று சொல்லவில்லை என்பதும் அந்த நிமிடம்தான் உறைத்தது. போயிட்டா என்றார், அவ்வளவுதான். மீதியை நிரப்பிக்கொண்டது தானே. "சின்னப் பிள்ளைதானே" என்று மட்டும் சொன்னாள்.

"ஏன் விட்டுட்டுப் போனேன்னு கேப்பீங்க."

டீச்சர் கேட்கவில்லை. சுண்டுவிரலைப் பார்த்தாள், பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"தங்க ஒரு எடம் கெடைச்சதும் கூட்டிட்டுப் போயிடுவேன். இன்னும் கொஞ்ச நாள். எங்க இருக்கேன்னு மட்டும் கேக்காதீங்க மிஸ், போன் நம்பரும் வேணாம். அவருக்குத் தெரிஞ்சா அவரு சொன்ன மாதிரியே நெசமாவே ஆயிடும்."

இருங்கள், கேட்டுவிட்டு வருகிறேன் என்று டீச்சர் தலைமை ஆசிரியை அறைக்கு ஓடினாள். அனுமதி வாங்கி முறையாகச் செய்யலாம் என்று நினைத்தாள். இத்தனை வருடமும் அப்படித்தான் செய்து பழக்கம். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"அப்பாவைத் தவிர யார்கிட்டயும் விடக்கூடாதுன்னு சேர்க்கும்போதே எழுதிக் குடுத்திருக்காரு. கோர்ட்டு பேப்பர் ஏதாவது இருந்தா கொண்டுவரச் சொல்லுங்க, பாக்கலாம். புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு நடுவுல பள்ளிக்கூடம் போய் நின்னா நம்ம தலைதான் உருளும்." சொல்லிக்கொண்டே போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டார். யாருக்கு என்று டீச்சர் கேட்பதற்குள், "வணக்கம் சார், பள்ளிக்கூடத்துலேருந்து பேசுறோம்" என்றார்.

டீச்சர் திரும்பி ஓடினாள். ஓடும்போதே தன் செருப்புச் சத்தம் வராந்தா முழுக்க அடிப்பது அவளுக்குக் கேட்டது.

"நீங்க போயிடுங்க. அவர் வந்துட்டு இருப்பாரு."

அந்தப் பெண் எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஒரே ஒரு தடவ, தூரத்துலேருந்து" என்றாள். டீச்சர் ஆயாம்மாவைப் பார்த்தாள். ஆயாம்மா மறுபக்கம் திரும்பிக்கொண்டாள், ஆனால் சின்னக் கதவின் தாழ்ப்பாளை நீக்கியிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே இருவரும் நின்றார்கள். உள்ளே எல்லாத் தலைகளும் மேஜையில். பொக்கை இந்தப் பக்கம் முதுகு காட்டிப் படுத்திருந்தாள். வகிடும் இரண்டு பின்னலும் ரிப்பனும் மட்டும்தான் தெரிந்தன.

"யாரு பின்னினது?"

"நான்தான்."

அவள் தலையாட்டினாள். "நல்லா இருக்கு" என்றாள். பிறகு, "கேட்டுல அந்த ஆயாம்மாகூட சொன்னாங்களே, ஏன் மிஸ் அவளப் பொக்கைன்னு சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"முன்பல்லு விழுந்துடுச்சுல்ல."

"விழுந்துடுச்சா?" கையை வாயில் வைத்துக்கொண்டாள். தான் செத்துவிட்டதாகக் கேட்டபோதுகூட வராத அழுகை அதற்கு வந்தது.

எழுப்பட்டுமா என்று கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. டீச்சருக்கு அது தொண்டை வரை வந்தது. எழுப்பினால் என்ன சொல்வது, பிள்ளை கத்திவிட்டால் என்ன, இதோ அவர் வந்துகொண்டிருக்கிறார் என்று ஆயிரம் காரணம் அந்த ஒரு வார்த்தையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கெல்லாம் அடியில், நேற்று நான் சொன்னது பொய்யாகிவிடுமே என்பதும் இருந்ததா? இருந்தது என்றுதான் தோன்றியது.

"நாளைக்கு விடுற நேரத்துக்கு வாங்க. எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்புல நில்லுங்க. நான் அவள எப்படியாவது கேட்டு வரைக்கும் கூட்டிட்டு வரேன். முழிச்சிருப்பா, முகத்தப் பாக்கலாம்" என்றாள் டீச்சர். அந்தப் பெண் பின்கேட்டு வழியாகப் போனாள். காகிதப் பையைத் தரலாமா வேண்டாமா என்று நீட்டி, பிறகு தன்னோடேயே எடுத்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் மோட்டார் பைக் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை காலை பொக்கையின் அப்பா செருப்போடு உள்ளே வந்தார். ஒரு வேலை பாக்கி இருக்கிறது, மத்தியானம் வந்து பிள்ளையைக் கூட்டிப்போகிறேன், அதற்குள் டிசி எழுதி வையுங்கள் என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பள்ளிக்கூடம் என்று டீச்சர் கேட்டதற்கு, "வேற ஊரு மிஸ்" என்றார், சிரித்த முகமாகவே. அவர் போனதும் டீச்சர் தலைமை ஆசிரியையிடம் கெஞ்சிப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், யாரிடமாவது புகார் செய்யலாம் என்று. "என்னன்னு புகார் பண்ணுவீங்க? ஒரு விரல் கோணலா இருந்ததுன்னா?" என்றார் அவர். கேட்ட விதத்தில் கேலி இல்லை. அவருக்கும் தெரியவில்லை.

இடைவேளையில் டீச்சர் பொக்கையைத் தண்ணீர்க் குழாயடிக்குத் தனியே கூட்டிப்போனாள். கை கழுவிவிட்டாள். ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டாள். பிறகு சொன்னாள்.

"உங்க அம்மா உயிரோட இருக்காங்கம்மா."

பொக்கை தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள்.

"நேத்து இங்க வந்தாங்க. உன்னைப் பாக்கத்தான் வந்தாங்க."

"நான் எங்க இருந்தேன்?"

"தூங்கிட்டு இருந்த."

பொக்கை ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நெற்றி சுருங்கியது. கணக்குப் போடும்போது அப்படித்தான் சுருங்கும். "நீங்கதானே சொன்னீங்க, செத்தவங்க வர மாட்டாங்கன்னு."

"நான் தப்பா சொல்லிட்டேன் கண்ணு. எனக்குத் தெரியல. மிஸ்ஸும் தப்பா சொல்லுவாங்க."

"இல்ல மிஸ்." பெரிய மனுஷி மாதிரி அவள் டீச்சரின் கையைத் தட்டிக்கொடுத்தாள். "எங்க அம்மான்னா என்னை எழுப்பியிருப்பாங்க."

டீச்சர் குழாயை மூடினாள். மூடிய பிறகும் அதையே திருகிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பைக்கின் முன்னால் ஏறி உட்கார்ந்ததும் பொக்கை அப்பாவிடம் சொன்னாள், ஒளிப்பதற்கு அதில் ஏதும் இருப்பதாக அவளுக்குத் தெரியாது. "அப்பா, அம்மா உயிரோட இருக்காங்கன்னு மிஸ் சொல்றாங்க."

அவர் டீச்சரை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மிஸ் உன்ன சமாதானப்படுத்தச் சொல்றாங்கம்மா."

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் பொக்கை. டாட்டா காட்டினாள். பைக் திருப்பத்தில் மறைந்தது.

பள்ளி விட்டபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. வேன்களும் சைக்கிள்களும் ஹாரனுமாகத் தெரு நெரிந்தது. எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில், விளம்பரப் பலகையின் நிழலில் பொக்கையின் அம்மா நின்றிருந்தாள். இன்றைக்கு யூனிபார்மை மறைக்கவில்லை. தலைவாரி, பொட்டு வைத்து, எங்கோ விசேஷத்துக்குக் கிளம்பியவள் மாதிரி வந்திருந்தாள். கேட்டிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாக வெளியே வரவர அவள் முகம் ஒவ்வொன்றுக்கும் மலர்ந்து, அடங்கி, அடுத்ததற்கு மலர்ந்தது. டீச்சர் நடைபாதை விளிம்புக்கு வந்தாள். தெருவைக் கடக்க ஒரு காலை இறக்கினாள். நடுவே ஒரு வேன் போயிற்று, அதன் பின்னால் இன்னொன்று. இடைவெளி கிடைத்தபோது அவள் டீச்சரைக் கண்டுகொண்டாள். டீச்சரின் கைகளுக்குக் கீழே, ஒரு சின்னப் பிள்ளையின் தலை இருக்க வேண்டிய உயரத்தில், அவள் கண்கள் சிரித்தபடி தேடிக்கொண்டிருந்தன.